கவுனி பீரும் மங்கையர்க்கரசியின் பேச்சும்

முத்தியால்பேட்டை தறிக்காரத் தெருவில் மங்கையர்க்கரசி பேசினால் இனிக்கும் என்று நாங்கள் சொன்னால் அது புகழ்ச்சி இல்லை, உள்ளதைச் சொல்வது. அவள் "தள்ளிக்கோ" என்றாலும் "மழை வருது" என்றாலும் கேட்கிறவர் நாக்கில் இனிப்பு ஏறும், உதடு பிசுபிசுக்கும், அவள் நின்று பேசிய இடத்துக்குச் சற்று நேரத்தில் எறும்பு வரும். இது பிறவியில் வந்ததில்லை. அவளுக்கு முப்பத்து நாலு வயது நடந்துகொண்டிருந்த ஓர் ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, பழைய உப்புக் கிடங்கில் ஒரு மடக்கு கறுப்பு பீரை ருசி பார்த்தபோது வந்தது.

அந்தக் கிடங்கு துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. பெங்களூரில் எட்டு வருஷம் பீர் காய்ச்சும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மங்கையும், அவளோடு கல்லூரியில் வேதியியல் படித்த தோழி ஃபிலோமினும் அதை எடுத்து, சுவரில் ஊறிக் கிடந்த உப்பைச் சுரண்டித் தள்ளி, ஆளுயர எஃகுத் தொட்டிகளை இறக்கி, முன்பக்கம் நாலு மேஜை போட்டு, சின்ன அளவில் தங்கள் கையாலேயே பீர் காய்ச்சி விற்க ஆரம்பித்தார்கள். எங்கள் தெரு அதற்கு பீர் மில் என்று பெயர் வைத்தது. மில் தொழிலாளிகளின் தெரு என்பதால் புகை வருகிற எந்தக் கட்டடமும் எங்களுக்கு மில்தான்.

மங்கையின் அப்பா தணிகாசலம், பஞ்சாலையில் தறி ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பீர் மில் திறந்த அன்று காலையில் மகளோடு பேச்சை நிறுத்தினார். காரணம் தெருவுக்கே தெரியும். அவருடைய தம்பி ஏகாம்பரம் சாராயம் குடித்துக் குடித்து ஈரல் கெட்டு முப்பத்தோரு வயதில் செத்துப்போனார். கடைசி நாளில் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அண்ணன்தான். அதற்குப் பிறகு தணிகாசலம் குடிக்கிறவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனதில்லை, குடித்துவிட்டு வந்தவன் எதிரில் நின்றதில்லை. அப்படிப்பட்டவர் வீட்டில்தான் மகள் பீர் காய்ச்சப் போனாள். ஆறு வருஷம் அப்பாவும் மகளும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, அம்மா ஆதிலட்சுமி வழியாகவே பேசிக்கொண்டார்கள்.

"ஃபேனை நிறுத்திட்டுப் போகச் சொல்லு அவள."

"ஊசி போட்டுக்கிட்டாரான்னு கேளும்மா."

ரெண்டு பேரும் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நிற்கிற ஆதிலட்சுமி, "காதுல விழுந்துதா? விழுந்துதுன்னா நான் போயி அரிசி களையறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள்.

கவுனி பீர் மங்கையின் பல நாள் பிடிவாதம். காரைக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில், இலையின் ஓரத்தில் வைத்த கவுனி அரிசியை வாயில் போட்டுப் பார்த்த நிமிஷத்திலிருந்து, அந்தக் கறுப்பை, அந்தப் பிசினை, தேங்காயும் சர்க்கரையும் ஏலமும் சேர்ந்த அந்த இனிப்பை ஒரு பீருக்குள் கொண்டுவர வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. முளைகட்டிக் கறுக வறுத்த பார்லியான மால்ட்டோடு கவுனி அரிசியை வேகவைத்தாள், கருப்பட்டி சேர்த்தாள், தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்துத் துணியில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள். முதலில் போட்டது அடிப்பிடித்த கஞ்சி மாதிரி வந்தது. அடுத்தது இருமல் மருந்து. அதற்கடுத்தது எவ்வளவோ நன்றாக இருந்தும் இரண்டு மடக்குக்கு மேல் திகட்டியது, அதையும் கொட்டினாள். கடைசியாகப் போட்டதைத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை குழாயைத் திருப்பிக் கண்ணாடி டம்ளரில் பிடித்தாள்.

வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் வெளிச்சம் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவு கறுப்பு. மேலே நின்ற நுரை கருப்பட்டிப் பாகு நிறத்தில், விரல் கனத்துக்கு, அசையாமல் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனபோது வறுத்த தேங்காய் வாசமும் அதன் பின்னாலேயே காப்பிக்கொட்டை வாசமும் வந்தன. மங்கை கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு இழுத்து, உடனே விழுங்காமல் நாக்கின் நுனியிலிருந்து ஓரங்களுக்கும் ஓரங்களிலிருந்து அடிநாக்குக்கும் மெல்ல உருட்டினாள். இனிப்பு முதலில் வந்தது, பந்தி இலையில் வந்த அதே இனிப்பு. விழுங்கியதும் நெஞ்சில் ஒரு சூடு இறங்கியது.

"வந்துடுச்சி ஃபிலோ" என்றாள்.

எதிரில் தரையைக் கழுவிக்கொண்டிருந்த ஃபிலோமின் இன்னும் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ஆனாலும் அவள் உதட்டை நக்கிக்கொண்டு, "நல்லாதான் வந்துருக்கு. ஏலக்காய் தூக்கலா இருக்கோ?" என்றாள்.

அன்று அந்த பீரை ஃபிலோமின் குடித்தாள், சாயங்காலம் வந்தவர்கள் குடித்தார்கள், இன்று வரை எத்தனையோ பேர் குடிக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதல் மடக்கு மங்கைக்குப் போனது, அதோடு வரவேண்டியதும் அவளுக்கே வந்தது. ஏன் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, எங்களுக்கு வேறு வேலை இருந்தது.

முதலில் கண்டுபிடித்தது டீக்கடை இருசப்பன். மங்கை தினமும் சர்க்கரை இல்லாத டீ கேட்பாள். புதன்கிழமை காலையிலும் அப்படியே கேட்டாள், கேட்ட மாத்திரத்தில் கடையில் நின்ற ஏழு பேர் டம்ளரிலும் டீ பாயசமாகிவிட்டது. இருசப்பன் தன் டம்ளரை ஒரு வாய் குடித்துப் பார்த்து, யோசித்து, "யம்மா, நீ நாளையிலருந்து வாயத் தொறக்காம ஒரு விரல் மட்டும் காட்டு, நான் போட்டுத் தரேன்" என்று முடிவு சொன்னார். அவ்வளவுதான், கடையில் அது பழக்கமாகிவிட்டது. வியாழக்கிழமை எங்கள் தெருவில் எறும்பு மருந்து வாங்காத வீடில்லை. வெள்ளிக்கிழமை மூன்றாம் வீட்டு நிறைமாதக்காரி, அல்வா வாங்கி வர ஆள் இல்லாததால், மங்கையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து ஊர்க்கதை பேசச் சொன்னாள். கசப்பு மருந்தைத் துப்புகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். குழந்தை வாயில் மருந்து போகிற நேரத்துக்குச் சரியாக மங்கை அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், குழந்தை விழுங்கிவிட்டு இன்னொரு கரண்டி கேட்கும். உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து அரைமணி நேரம் அவளைப் பேசவைத்துக் கேட்டார். கையோடு கொண்டுவந்த படிவத்தில் எதுவும் பொருந்தாததால் 'வீட்டுத் தயாரிப்பு, விற்பனைக்கு அல்ல' என்று எழுதிக் கையெழுத்து போட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு போனார்.

திட்டினால் இன்னும் அதிகமாக இனிக்கும் என்பது தண்ணீர் லாரியால் தெரிந்தது. குறுகலான தெருவில் லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டான். மங்கை பீர் மில்லுக்கு மால்ட் மூட்டை கொண்டுபோகும் வண்டியில் அரைமணி நேரம் வெயிலில் காத்திருந்துவிட்டு, அவன் வந்ததும் அவன் கண்ணைப் பற்றியும் புத்தியைப் பற்றியும் லைசென்ஸ் கொடுத்தவனைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசினாள். சாதாரணப் பேச்சு கரும்புச்சாறு என்றால் அது வெல்லப்பாகு. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண் சொருகி உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, அந்தக் கடைசில சொன்னத மட்டும் இன்னொரு தபா சொல்லுக்கா."

அன்றிலிருந்து திட்டு வாங்க ஆள் வந்தது. வேலையில் மேலதிகாரியிடம் கசப்பாகப் பேச்சு வாங்கியவர்கள், வீட்டில் யாரும் பேசக்கூட இல்லாதவர்கள், பரீட்சையில் தோற்றவர்கள், ஒன்றுமே இல்லாமல் வெறும் ருசிக்காக வந்தவர்கள். தெருப் பெண்கள் கூடி ஒழுங்கு செய்தார்கள்: ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஆளுக்கு நாலு வாக்கியம், சர்க்கரை வியாதி உள்ளவர்கள் எதிர்ச்சாரியில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். மங்கை சிரித்துக்கொண்டே திட்டினாள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போன பிறகு ஃபிலோமினிடம் சொன்னாள்:

"எனக்கு நெஜமா கோவம் வந்தாலும் இனிமே யாருக்கும் வலிக்காது ஃபிலோ. ஒருத்தர்ட்ட மட்டும் வலிக்கற மாதிரி நாலு வார்த்தை பேசணும்னு வச்சிருந்தேன். அது போச்சி."

யாரிடம் என்று ஃபிலோமினுக்குத் தெரியும்.

அந்த மாதம் தணிகாசலத்துக்கு சர்க்கரை ஏறியது. இருபது வருஷத்து வியாதியை அவர் ஒரு தறியை வைத்திருப்பது போலச் சுத்தமாக, நேரம் தவறாமல் பார்த்துக்கொள்கிறவர். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் அளந்து வைத்த சோறு, வேளைக்கு ஊசி. ஆனாலும் ஆதிலட்சுமி விரலில் குத்திப் பார்க்கும்போதெல்லாம் முந்நூறுக்கு மேலே காட்டியது. மிஷின் கெட்டுப்போச்சு என்று வேறு மிஷின் வாங்கினார்கள், அதுவும் அதையே காட்டியது. திருட்டுத்தனமாக எதையாவது சாப்பிடுகிறாரா என்று ஆதிலட்சுமி அவர் சட்டைப்பையை எல்லாம் தேடினாள். பிறகு ஒருநாள் சாயங்காலம் தரையைக் கூட்டும்போது, எப்போதும் ஜன்னலோரம் இருக்கிற அவருடைய நாற்காலி மங்கையின் அறைச் சுவரை ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தாள். நாற்காலிக் காலிலிருந்து சுவர் வரைக்கும் எறும்பு வரிசை கட்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மங்கை தினமும் சாயங்காலம் போனில் பேசுவாள், ஈஸ்ட் அனுப்புகிறவனோடும், பெங்களூர்த் தோழிகளோடும், சிரித்துச் சிரித்து ஒரு மணி நேரம்.

கிளினிக்கில் டாக்டர் ஜெயசீலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மருந்துச் சீட்டில் இன்சுலின் அளவுக்குக் கீழே எழுதினார்: மகள் பேச்சு, அறவே கூடாது.

"சுவத்துல காத வச்சிக் கேட்டுக்கிட்டு இருந்தாரா?" என்றாள் மங்கை. அம்மா தலையாட்டினாள். மங்கை அன்றே துணிமணியை எடுத்துக்கொண்டு கிடங்கின் மாடி அறைக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தாள். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டே வாரத்தில் சர்க்கரை இறங்கியது. டாக்டர் பாராட்டினார். பாராட்டைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த தணிகாசலம் நாற்காலியைத் தூக்கித் திரும்ப ஜன்னலோரம் போட்டார். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஆதிலட்சுமி சொல்லிவந்த செய்தியும் வீட்டில் இல்லாமல் போயிற்று. அவள் இருந்திருந்து, "கூழ் போதுமா?" என்று கேட்பாள், அவர் "ம்" என்பார், அந்த நாள் முடிந்துவிடும். இப்படியே ஐப்பசி மழை வந்து போனது.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை தணிகாசலம் காலையில் ஊசி போட்டுக்கொண்டார். கூழை எடுத்து வைத்திருந்த ஆதிலட்சுமி கொல்லைப்பக்கம் போன நேரத்தில், கூழைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். தெருவில் இறங்கிக் கடற்கரைச் சாலைக்குப் போய், அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும் மறுமுனையிலிருந்து இந்த முனைக்கும் நடந்தார். தெரிந்தவர்கள் கூப்பிட்டபோது கையை மட்டும் தூக்கினார். சுண்டல்காரி நீட்டிய பொட்டலத்தை வேண்டாம் என்றார். வெயில் ஏறியபோதும் நடந்தார், கால் பின்னியபோதும் நடந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு, ஆறு வருஷத்தில் முதல்முறையாக, பீர் மில் வாசலில் வந்து நின்றார்.

ஃபிலோமின்தான் முதலில் பார்த்தாள். சட்டை முழுக்க வேர்வை. கை நடுங்கியது. "மங்கை, உங்கப்பா" என்று கத்தினாள். தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மங்கை ஈரக் கையோடு ஓடி வந்து, அவரைப் பார்த்ததும் பழக்கத்தில் உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கைய எடு" என்றார் தணிகாசலம். நாக்கு குழறியது. "காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல. ஊசி போட்டுக்கிட்டேன். நல்லா நடந்துட்டேன். இப்ப கேக்கலாம். நீ பேசு."

சொல்லிவிட்டு அவர் சரிந்தார். மங்கை தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் கண் மேலே போனது. ஃபிலோமின் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவர அடுப்படிக்கு ஓடினாள். மங்கை கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"உனக்கு அறிவிருக்காப்பா? ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம வருவாங்களா? செத்துப்போயிருந்தா? கடற்கரையில விழுந்து கெடந்திருந்தா யாரு தூக்கிட்டு வருவா? ஆறு வருஷம்ப்பா. இந்த எடத்தத் தொறந்த அன்னிக்கு மொத நாற்காலிய உனக்குத்தான் போட்டேன். வாசல்ல வந்து ஒரு தடவ எட்டிப் பாத்தியா நீ? ஒரே வீட்டுல எனக்கு ஜுரம் வந்தாக்கூட அம்மாட்டதானே கேட்ட? சித்தப்பா செத்ததுக்கு என்னை எதுக்குப்பா தண்டிச்ச? நான் என்ன பண்ணேன்?"

அவள் அதுவரைக்கும் அப்படி யாரையும் திட்டியதில்லை. மேஜையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள், இனிப்பு தாங்கவில்லை. கூரைச் சந்திலிருந்தும் தரை வெடிப்பிலிருந்தும் எறும்புகள் கிளம்பி வந்தன. தணிகாசலத்தின் கை நடுக்கம் நின்றது, முகத்தில் ரத்தம் திரும்பியது, கண் இறங்கி மகள் மேல் நின்றது. சர்க்கரைத் தண்ணீரோடு வந்த ஃபிலோமின், இனி அதற்கு வேலையில்லை என்று தெரிந்து, டம்ளரைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"வலிச்சிச்சாப்பா?" என்றாள் மங்கை.

"ரொம்ப" என்றார் அவர்.

அவள் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். எல்லாரும் இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போன அவள் பேச்சில், அவள் சொன்ன வார்த்தையும் கேட்டவரிடம் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

தணிகாசலம் சொன்னார்: "ஏகாம்பரத்துக்கு மொத கிளாஸ் நான்தான் ஊத்திக் குடுத்தேன். மில்லுல போனஸ் வந்த அன்னிக்கி. வேணாம்ண்ணா, நாறுதுன்னான். ஆம்பளயாடா நீன்னு கேட்டேன். நான் அதோட விட்டுட்டேன், அவன் விடல."

"இதை அம்மாட்ட சொல்லியிருக்கியா?"

"யார்கிட்டயும் சொல்லல. நீ இதத் தொறந்தப்ப உன்மேல கோவம் இல்ல மங்கை. உன் கையால எவனாவது மொத கிளாஸ் வாங்கிக் குடிப்பானே, அவன் எங்க போய் முடிவானோன்னு பயம். பயமா இருக்குன்னு சொல்லத் தெரியல."

"எனக்கும் சில நாள் அந்த பயம் வரும்ப்பா" என்றாள். "அதான் யாரு எவ்ளோ குடிக்கறாங்கன்னு ஃபிலோவும் நானும் பாத்துக்கிட்டே இருப்போம். மூஞ்சியப் பாத்து, போதும் வீட்டுக்குப் போன்னு அனுப்பியிருக்கோம். அது போதுமான்னு எனக்குத் தெரியாது."

அவர் தொட்டிகளைப் பார்த்தார். ஃபிட்டர் கண்ணால் குழாய்களையும் வால்வுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "அந்தக் கறுப்பு பீருல அப்படி என்னதான் இருக்கு?" என்றார்.

"நீ குடிக்க மாட்டியே."

"மாட்டேன். சொல்லு."

"நான் சொன்னா உனக்கு ருசி தெரியும்ப்பா. பரவால்லியா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சொல்லு" என்றார்.

மங்கை சொன்னாள். அவசரப்படாமல், தொட்டியிலிருந்து டம்ளரில் பிடிப்பது போல மெதுவாகச் சொன்னாள். வேகும்போது தண்ணீரையே கறுப்பாக்குகிற கவுனி அரிசியைச் சொன்னாள், அவர் தொண்டை அசைந்தது. சிவந்து வருகிற தேங்காய்த் துருவலைச் சொன்னாள், கருப்பட்டி உடைகிற சத்தத்தைச் சொன்னாள், நுரை உதட்டில் ஒட்டுவதையும் அதைத் துடைக்காமல் அடுத்த மடக்கு குடிப்பதையும் சொன்னாள். ஒரு சொட்டு சாராயம் இல்லாமல், ஒரு டம்ளர் தொடாமல், தணிகாசலம் மகள் காய்ச்சிய பீரைக் கடைசி வரைக்கும் ருசி பார்த்தார்.

"இனிப்பு சரி. கசப்பு எங்க?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"அவசரப்படாத. கடைசிலதான் வரும்." வறுத்த மால்ட் கருகுகிற விளிம்பைச் சொன்னாள். எந்த நிமிஷம் அடுப்பை அணைக்க வேண்டும் என்பதைச் சொன்னாள். ஒரு நிமிஷம் தவறவிட்டு மொத்தத்தையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுத நாளைச் சொன்னாள்.

தணிகாசலத்தின் நெற்றி சுருங்கியது. நாக்கை அண்ணத்தில் தட்டிப் பார்த்தார். "வந்துடுச்சி" என்றார். மங்கையின் பேச்சில் கசப்பை ருசித்த முதல் ஆள் எங்கள் தெருவில் அவர்தான். மேஜையில் இருந்த இரண்டு பேரும் தங்களுக்கு இனிப்பு மட்டுமே தெரிந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்கள்.

காலையிலிருந்து அவரைத் தேடி அலைந்த ஆதிலட்சுமி, ஃபிலோமின் போனில் சொன்னதும் ஆட்டோவில் வந்து இறங்கி, கணவரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர் விரலைப் பிடித்துக் குத்தினாள். நூற்று நாற்பத்திரண்டு. மிஷினை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே பக்கத்து நாற்காலியில் சாய்ந்தாள். "நான் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துக்கறேன்" என்றாள். ஃபிலோமின் கையில் வைத்திருந்த சர்க்கரைத் தண்ணீரை அவளிடம் கொடுத்தாள், அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

மறுநாள் டாக்டர் ஜெயசீலி அப்பாவையும் மகளையும் உட்காரவைத்து, ஊசிக்குப் பிறகு சாப்பிடாமல் வெளியே கால் வைத்தால் தன் கிளினிக் படியை மிதிக்கக் கூடாது என்று சத்தம் போட்டார். பிறகு பழைய சீட்டில் 'அறவே கூடாது' என்பதை அடித்துவிட்டு, வேளைக்குச் சாப்பாடு, தினமும் ஒரு மணி நேரம் நடை, நடைக்குப் பிறகு மகள் பேச்சு பத்து நிமிஷம் என்று எழுதினார். தணிகாசலம் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டு மணி நேரம் நடந்தா?" என்றார்.

டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்து, இருபது என்றார்.

மறுநாள் பால்காரன் வருவதற்குள் தணிகாசலம் கூழைக் குடித்துவிட்டு நடக்கக் கிளம்பியிருந்தார்.